குறிப்புகள் என்னும் கட்டம்

கோத்தகிரியிலிருந்து ஐந்தே முக்கால் பஸ்.
மடியில் ஐஸ் பெட்டி.
மீனா என்றார் கண்டக்டர்.
தண்ணீர் எடுக்க என்றேன்.
லக்கேஜ் போட்டார்.

ஜீப்பில் வரக்கூடாதென்று போன மாதம்தான் புரிந்தது.
செக்போஸ்ட்டை ஜீப் தாண்டியதும்
ஆலைக்குள் காற்றூட்டி சுழலத் தொடங்கிவிடும்.
நாங்கள் குழாயடிக்கு இறங்குவதற்குள்
ஓடை, இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பிள்ளைகளைப் போல
தலை படிய வாரிக்கொண்டு நிற்கும்.
அன்று எல்லா எண்களும் வரம்புக்குள்.
கையெழுத்துப் போட்டேன்.

முதல் புட்டி ஆலைக்கு முந்நூறு மீட்டர் மேலே,
சோலை முடிகிற இடம்.
புல்லில் உறைபனி நொறுங்குகிறது.
புட்டியை நீருக்குள் சாய்த்து நீருக்குள்ளேயே மூடவேண்டும்,
ஒரு குமிழிகூட உள்ளே போகாமல்.
விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன.
பிறகு இரண்டு மருந்து, ஊசிக்குழலால், கழுத்துக்குக் கீழே.
குலுக்கினால்
இருப்பதே தெரியாமல் இருந்த நீரில்
பழுப்பு திரண்டு மெல்ல இறங்குகிறது.
பழுப்பென்றால் மூச்சிருக்கிறது.

இரண்டாவது, குழாய் விழும் இடம்.
இங்கே ஓடைக்கு டீயின் நிறம்.
உவமை இல்லை.
உடனடித் தேயிலைத்தூள் ஆலை இது.
வடிகட்ட வேண்டாம், சக்கை இல்லை,
பாக்கெட்டின் மேல் ஓர் அருவிப் படம்.
சக்கை எங்கோ போய்த்தானே ஆகவேண்டும்.
நுரை பாறையைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறது.
அதே இரண்டு மருந்து, அதே குலுக்கல்.
டீ நிற நீருக்குள்
வெள்ளை இறங்கியது.
அழுக்கு வெள்ளைதான், ஆனாலும் வெள்ளை.
தெளிந்த நீர் பழுப்பாகிறது,
பழுத்த நீர் வெளுக்கிறது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று பயந்திருக்கிறேன்.

இரவு ஷிப்ட் முடிந்து செபமாலை இறங்கி வந்தார்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
‘‘இன்னிக்கு ஜீப் சத்தம் கேக்கலியே.’’
கோபமாகச் சொல்லவில்லை.
மோட்டார் ஒரு மணிநேரம் ஓடினால் கரண்ட் எவ்வளவென்று
ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார்கள்,
இவர் போனுக்குக் காத்துக்கொண்டு
சுவிட்சைப் பார்க்கிறார்.
வீடு கீழே லைனில், பாலத்துக்குப் பக்கத்தில்.
‘‘ரிப்போர்ட்ல என் பேரு வருமா?’’
ஆட்களுக்கு அதில் கட்டமே இல்லை என்றேன்.
‘‘நல்லதாப் போச்சு’’ என்றார்.
பத்தடி போய்த் திரும்பி,
‘‘அதுவும் சரியில்லதான்’’ என்றார்.

மூன்றாவது, பாலம்.
ஹாலனின் காரட் பாத்திக்கு ஓடையிலிருந்து ஹோஸ் போகிறது.
அவருக்கு இது இன்னும் ஹள்ள.
கேட்டால் ராத்திரி ஒரு வாடை, காலையில் இல்லை என்பார்.
புட்டி எந்த நிறத்துக்கும் உடன்படாமல்
வெளிறிக் கிடந்தது.

எங்கள் படிவத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன்.
கல்லைப் புரட்டினேன்.
மேலே, சோலையோரத்திலும் புரட்டிப் பார்த்திருந்தேன்:
மூன்று வால் பூச்சிக்குஞ்சுகள்
வெளிச்சம் பட்டதும் கல்லின் மறுபக்கம் ஓடின,
மணலைக் கோத்து வீடு கட்டிய ஒரு புழு
வீட்டோடு நகர்ந்தது.
இங்கே கல்லின் அடியில் கொழகொழப்பு,
அதில் நூல்நூலாகச் செம்புழுக்கள்,
மூச்சு குறைந்த இடத்திலும் பிழைக்கத் தெரிந்தவை.
புட்டிக்கு இன்று காலை மட்டும்தான் தெரியும்.
கல்லுக்கு ஐப்பசி மழையிலிருந்தே தெரியும்.
ஜீப் வருவதற்காக எந்தப் புழுவும்
ஊரைக் காலி செய்வதில்லை.

மற்ற புட்டிகள் இருபத்தேழு பாகையில்
மூன்று நாள் இருட்டில் இருக்கவேண்டும்.
அதுவரை எண் வராது.
‘குறிப்புகள்’ என்னும் கட்டம் இரண்டு வரி அகலம்.
எழுதினேன்:
கல் புரட்டப்பட்டது. மேலே நான்கு வகை, பதினேழு உயிர்.
பாலத்தடியில் ஒரே வகை. எண்ணி முடியவில்லை.

கோப்பில் இதற்கு நேர் கீழே
போன மாதத் தாள்.
அதே கையெழுத்து.
கடைசிச் சுழி மட்டும்
அன்று கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறது.